மிக்ஜாம் புயலுக்கு முன்னால் குடும்பத்தோடு போய்த் தங்கிய காளஹஸ்தி லாட்ஜ்: அஞ்சுக்கு நாலு

தடா, சூளூர்பேட்டை, ஆரம்பாக்கம், பழவேற்காடு ஏரிக்கரை ஊர்கள் என்று இந்த எல்லைப் பக்கத்தில் இருக்கிற நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். ஐப்பசி கார்த்திகை வந்தாலே நமக்கு வயிற்றில் புளி கரைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வருகிறது என்றதும் நாங்கள் குடும்பத்தோடு கிளம்பிக் காளஹஸ்தியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். லாட்ஜுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் மெத்தை எப்படி, ஏசி எப்படி, கோயிலுக்கு நடக்கிற தூரமா என்று எழுதுவார்கள், சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அது போதும். புயலுக்குப் பயந்து வயசானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவன் பார்க்க வேண்டியது வேறு. அதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

லாட்ஜின் பெயரைப் போடவில்லை. நடத்துகிற அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாம் தம்பி, இருக்கிறதே கொஞ்சம் ரூம், எல்லாரும் ஒரே நாளில் போன் பண்ணினால் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது" என்றார். அவர் பேச்சை மதிக்கிறேன். ஆனால் அந்த லாட்ஜில் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று சொன்னால் நீங்கள் எந்த ஊரில் ரூம் தேடினாலும் உதவும்.

முதலில் ஏன் கிளம்ப வேண்டும் என்பது. எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், முன்னால் ஏரி, அதைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டா, அதையும் தாண்டிக் கடல். பின்னால் மேற்கே மலை. அந்த மலைப்பக்கத்துத் தண்ணீரைக் காளங்கி கொண்டுவந்து ஏரியில் விடுகிறது, தெற்கே ஆரணியாறும் அதே ஏரிக்குத்தான் வருகிறது. ஏரி வடிய வேண்டுமென்றால் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும், ஆனால் காற்று கடலைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருக்கிற நேரத்தில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. மேலே இருந்து இறங்குகிற வெள்ளமும் கீழே இருந்து ஏறுகிற உப்புத் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில்தான் நம் வீடுகள் இருக்கின்றன. அதனால் புயல் வேறு எங்கோ கரை கடக்கப்போகிறது, நமக்கு ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மிக்ஜாம் கரை கடந்தது டிசம்பர் 5 மதியம், பாபட்லா பக்கத்தில், நம் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. ஆனால் 4ஆம் தேதி அது சென்னைக்குக் கிழக்கே கடலில் நின்ற மாதிரியே இருந்துகொண்டு கொட்டியது, அந்த மழைதான் சென்னையையும் நம்மையும் மூழ்கடித்தது.

வானிலை மையம் 2ஆம் தேதியே நெல்லூருக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் நடுவில் கரை கடக்கும் என்று சொல்லிவிட்டது. கடலோர எச்சரிக்கை படிப்படியாகத்தான் வரும், கரையோரத்தில் வானிலை கெட ஆரம்பிப்பதற்கு 72 மணி நேரம் முன்னால் கண்காணிப்பு, 48 மணி நேரம் முன்னால் மஞ்சள், 24 மணி நேரம் முன்னால் ஆரஞ்சு, கடைசியாகச் சிவப்பு. வயசானவர்கள் இருக்கிற வீடு ஆரஞ்சுக்குக் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. இன்னொன்றும் பார்ப்பேன், ரயில்வே. சென்னை கூடூர் மார்க்கத்தில் வண்டிகளை முன்கூட்டியே ரத்து செய்ய ஆரம்பித்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அந்த முறை 100-க்கும் மேற்பட்ட ரயில்கள் ரத்து என்ற செய்தி வந்தவுடனே என் மனைவி நிலத்துக்கான பட்டாதார் பாஸ்புக், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டிவிட்டாள்.

வீட்டில் இழுபறி மாமனாரோடுதான். ஏரியில் தொழில் செய்கிறவர். படகைக் கரையேற்றிப் பனைமரத்தில் கட்டியாயிற்று, வலையையும் சுருட்டியாயிற்று, அப்புறமும் "நீங்க போங்க, நான் பொருளுக்குக் காவல் இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு மீன்பிடி வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கும், இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். படகு மோட்டார் போனால் அந்த வருஷத்து வருமானம் போயிற்று, கடனை வேறு கட்ட வேண்டும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் புயல் கரை கடந்தபோது அவர் இளவட்டம், அப்போது பார்த்ததை இன்னமும் பேசுவார், ஆனாலும் கிளம்ப மாட்டார். கடைசியில் என் மச்சான்தான் வழி கண்டுபிடித்தான். "மோட்டாரைக் கழற்றிக் குட்டியானையில் ஏத்திடறேன், வலையும் வரட்டும், அப்ப நீங்க எதுக்குப்பா இங்க காவல்?" என்றான். மோட்டார் ஏறியதும் அவரும் ஏறினார்.

காளஹஸ்தியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ராகு கேது பூஜைக்கு வருஷம் முழுக்க ஜனம் வருகிற ஊர், அதனால் அந்த ஊர் அளவுக்கு மீறி லாட்ஜுகள் இருக்கின்றன. புயல் செய்தி வந்தால் வெளியூர் பக்தர்கள் பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள், ரூம் காலியாகும். திருப்பதியில் அப்படி எளிதில் காலியாகாது. சூளூர்பேட்டையிலும் நாயுடுபேட்டையிலும் ரூம் இருந்தாலும் நெடுஞ்சாலையும் ரயிலும் நின்றுபோனால் மாட்டிக்கொண்ட பயணிகள் அங்கேதான் இறங்குவார்கள்.

ஆனால் காளஹஸ்தியிலும் எல்லா லாட்ஜும் ஒன்றில்லை. ஸ்வர்ணமுகி ஊரை ஒட்டித்தான் போகிறது, 2021 நவம்பர் மழையில் இந்தப் பக்கத்து ஆறுகள் என்ன ஆட்டம் ஆடின என்று மறந்திருக்க மாட்டோம், படுகுபாடு பக்கம் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணே அரித்துக்கொண்டு போயிற்று, அது நெல்லூர்ப் பக்கத்துப் பெண்ணாறு என்றாலும் மழை ஒன்றுதான். கடலுக்குப் பயந்து ஓடி ஆற்றங்கரையில் போய்ப் படுப்பதில் அர்த்தமில்லை. அதனால் ரூம் விசாரிக்கும்போது முதல் கேள்வி, ஆற்றுப்பக்கமா, மலைப்பக்கமா. நாங்கள் தங்கியது கண்ணப்பர் மலைப்பக்கம் மேடாக ஏறுகிற தெருவில். மழை கொட்டியபோது தெருவில் தண்ணீர் ஓடியது, ஆனால் எங்கேயும் தேங்கவில்லை.

போனில் விசாரித்தபோது ஒரு லாட்ஜ் வழக்கமான வாடகையைப் போல இரண்டு மடங்கு கேட்டது. இன்னொன்றில் எங்கள் நாயும் வரும் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். இந்த அம்மா மட்டும் எத்தனை பேர் என்று கேட்டபிறகு, "அதில் படி ஏற முடியாதவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாலு கட்டில், ஏசி இல்லை, ஒரு நாளைக்கு ₹900. அதையேதான் கடைசியில் பில்லிலும் போட்டார், அட்வான்ஸும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, 3ஆம் தேதி, காலையில் கிளம்பினோம். வரதய்யபாளையம், பி.என். கண்ட்ரிகை வழி. நெடுஞ்சாலையில் நாயுடுபேட்டை போய்த் திரும்புவதும் ஒரு வழிதான், ஆனால் அதில் ஆற்றுப் பாலங்களைத் தாண்ட வேண்டும். வரதய்யபாளையம் ரோட்டிலும் மலையிலிருந்து வருகிற ஓடைகள் குறுக்கே போகும், மழை பிடித்த பிறகு அந்தத் தரைப்பாலங்களை நம்பி வண்டியை இறக்கக் கூடாது. நாங்கள் போனபோது தூறல்தான், ரோடு சுத்தமாக இருந்தது. அடுத்த நாள் அதே ரோட்டில் வரப் பார்த்தவர்கள் திரும்பிப் போனார்கள் என்று லாட்ஜில் பேசிக்கொண்டார்கள்.

சரி, லாட்ஜுக்கு வருவோம். வாசலில் இறங்கியதும் முதல் பிரச்சினை மோட்டார். டீசல் வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, எந்த லாட்ஜ்காரரும் முகம் சுளிக்கத்தான் செய்வார். இவர்கள் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில், பைக் நிறுத்துகிற இடத்தில், இரண்டு பலகை போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னார்கள், தார்ப்பாய் கூடக் கொடுத்தார்கள். மாமனார் தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் இறங்கிப்போய் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். பொருள் கண்ணெதிரே இருந்ததால்தான் அவர் திரும்பி ஓடாமல் அங்கே இருந்தார். நாயையும் அதே ஷெட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், ராத்திரி குரைத்தால் யாராவது இறங்கி வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அத்தைக்கு முட்டி வலி, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. ரூமில் இந்தியன் கக்கூஸ்தான். நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் ரூம் பையன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உட்காருகிற இடத்தில் நடுவில் வட்டமாக அறுத்து, அறுத்த விளிம்பு தோலைக் கிழிக்காமல் இருக்கச் சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றிலும் ஒட்டியிருந்தார்கள். கால் வழுக்காமல் இருக்க நாலு காலுக்கும் ரப்பர் புஷ். பூஜைக்கு வருகிற வயசானவர்களுக்காகச் செய்து வைத்ததாம். பெரிய ஹோட்டல்களில் கூட இந்த அக்கறையை நான் பார்த்ததில்லை. அத்தை அந்த நாற்காலியைப் பற்றி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குத் தெலங்கானா தேர்தல் முடிவு வேறு. வரவேற்பறையில் இருந்த ஒரே டிவியில் எந்தத் தெலுங்குச் சேனலைத் திருப்பினாலும் யார் எத்தனை இடத்தில் முன்னிலை என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, புயல் செய்தி கீழே ஒரு வரியாகப் போனது. எங்களைப் போலக் கரையோரத்திலிருந்து வந்திருந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன, எல்லாரும் அந்த ஒரு வரியைப் படிக்க டிவி முன்னால் நின்றோம். ஆகவே டிவியை நம்பாதீர்கள். வானிலை மையத்தின் அறிக்கையை நேராகப் பாருங்கள், அப்புறம் துறைமுகங்களில் எந்த எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1, 2 என்றால் தூரத்தில் இருக்கிறது, 3, 4 என்றால் நம் பக்கம் வானிலை கெடலாம், 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து, 11 ஏறினால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மாமனாருக்கு ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் தலையில் ஏறாது, கூண்டு எண்ணைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னாலேயே கரண்டு போயிற்று. இங்கேதான் லாட்ஜின் உண்மையான தரம் தெரிந்தது. ஜெனரேட்டர் இருக்கிறது என்று எல்லா லாட்ஜும் சொல்லும், டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த அம்மா முந்தின நாளே கேன்களில் வாங்கி வைத்திருந்தார், ஆனாலும் ஜெனரேட்டரை நாள் முழுக்க ஓட்டவில்லை. விடியற்காலையில் ஓட்டி மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பிவிடுவார், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து பிள்ளைகள் தூங்கும் வரை விளக்கும் ஃபேனும். நடுவில் கிடையாது. ஒன்றிரண்டு பேர் சத்தம் போட்டார்கள். "இன்னிக்கு மதியம் ஃபேன் ஓட்டினா நாளைக்குக் குளிக்கத் தண்ணி இருக்காது" என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதுதான் நியாயம். ஃபேன் இல்லாமல் இருந்துவிடலாம், கைக்குழந்தை இருக்கிற இடத்தில் கக்கூஸுக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு வேளை கூட ஓட்ட முடியாது.

போன் சார்ஜுக்குக் கவுண்டரில் ஒரு மேஜை போட்டு எக்ஸ்டென்ஷன் போர்டுகளை அடுக்கினார்கள். அந்தப் பையன் மருந்துக்கடை வெள்ளை பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, அதில் பால்பாயிண்ட் பேனாவால் ரூம் நம்பர் எழுதி, ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒட்டினான். ஒரு போன் கூட மாறவில்லை, காணாமலும் போகவில்லை. அதற்குள் சிக்னல் விட்டு விட்டு வர ஆரம்பித்துவிட்டது. கவுண்டரில் பழைய லேண்ட்லைன் ஒன்று இருந்தது, அது கடைசி வரை வேலை செய்தது. ஊரில் தங்கிவிட்ட பெரியப்பா வீட்டாரோடு பேச முடிந்தது அதனால்தான். காசு வாங்க மாட்டேன் என்றார்கள், நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம்.

சாப்பாடு: லாட்ஜில் ஹோட்டல் கிடையாது, வெளியே மெஸ்கள் திங்கள், செவ்வாய் மூடிக்கிடந்தன. வேலைக்காரர்களுக்காகச் சமைக்கிற அடுப்பிலேயே கூடுதலாக உலை வைத்து எல்லாருக்கும் போட்டார்கள். சோறு, பப்பு என்கிற பருப்பு, கோங்குரா என்கிற புளிச்சக்கீரைப் பச்சடி, மோர். ₹60. பிள்ளைகளுக்குக் காரம் என்று சொன்னதும் பப்பைத் தாளிக்காமல் தனியாக எடுத்து வைத்தார்கள். நன்றாக இருந்ததா என்றால், ருசியாகவே இருந்தது. சூடாகவும் இருந்தது, அந்தக் குளிருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இனி குறைகள், இவற்றை அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டேன். மாடிப்படிக்குக் கைப்பிடி ஒரு பக்கம் பாதி வரைதான் இருக்கிறது, மழைத்தண்ணீர் படியில் தெறித்து மொசைக் வழுக்கியது, கரண்டு இல்லாத நேரத்தில் அத்தையை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. இதைக் கண்டிப்பாகச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது, வராண்டா பக்கத்துக் கதவுக்கு அடியில் இடைவெளி, காற்று திரும்பியபோது சாரல் உள்ளே வந்து தரையில் விரித்திருந்த பாய் நனைந்தது. பழைய துணியைச் சுருட்டி அடைத்தோம். மெத்தையில் ஈர வாடை. ஒரு ஜன்னல் கண்ணாடி ஏற்கெனவே உடைந்து அட்டை வைத்திருந்தார்கள், புயல் வருகிறது என்று தெரிந்தபிறகாவது பலகை அடித்திருக்கலாம். கொசு மிக அதிகம், வலை கிடையாது. ஒரு நட்சத்திரம் குறைத்தது முக்கியமாகப் படிக்கட்டுக்காகத்தான்.

எல்லாராலும் லாட்ஜுக்குக் காசு கொடுத்துப் போக முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அரசாங்கப் புயல் பாதுகாப்புக் கட்டிடத்துக்குத்தான் போனார்கள். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டி, கீழ்த்தளத்தில் தண்ணீர் வந்தால் புகுந்து போகிற மாதிரி திறந்து விட்டிருப்பார்களே, அந்தக் கட்டிடம். காற்றுக்கு அதைவிடப் பலமான கட்டிடம் நம் பக்கத்தில் வேறு இல்லை, கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருக்கிறவர்கள் கௌரவம் பார்க்காமல் அங்கே போய்விட வேண்டும். போனவர்கள் சொன்ன கஷ்டம் கக்கூஸ் வரிசையும், பெண்கள் துணி மாற்ற மறைவில்லாததும்தான். போகும்போது இரண்டு பழைய சேலையும் கயிறும் எடுத்துப்போனால் ஒரு மூலையை மறைத்துக் கட்டிக்கொள்ளலாம். அத்தை மாதிரி முட்டி வலிக்காரர்களும் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களும்தான் முடிந்தால் கடலோரத்தை விட்டு உள்பக்க ஊருக்கு விலகி ரூம் எடுப்பது நல்லது.

புயல் கரை கடந்த உடனே ஊருக்குக் கிளம்பலாம் என்று மாமனார் பையைத் தூக்கினார். அந்த அம்மாதான் தடுத்தார். மலையில் பெய்த தண்ணீர் இனிமேல்தான் இறங்கும், ரோட்டைப் பார்த்துவிட்டு வந்த லாரிக்காரர்களைக் கேட்டுவிட்டு அனுப்புகிறேன் என்றார். சொன்னபடியே கீழே டீக்கடையில் நின்ற டிரைவர்களிடம் ஆள் அனுப்பி விசாரித்து, எந்தப் பக்கம் தண்ணீர் வடிந்தது, எந்தப் பக்கம் இன்னும் ஓடுகிறது என்று கேட்டுச் சொன்னார். கூடுதலாகத் தங்கிய ராத்திரிக்குப் பாதி வாடகைதான் வாங்கினார். வீட்டில் முழங்கால் அளவுக்குச் சேறு, பீரோவின் கீழ்த்தட்டு போயிற்று, படகு பனைமரத்தோடு பத்திரமாக இருந்தது.

அடுத்த புயலுக்கு அங்கேயேதான் போவோம், இதைச் சொல்லிவிட்டும் வந்தோம். நீங்கள் எந்த ஊரில் எடுத்தாலும் முதல் மாடியில் நடு ரூமாகக் கேளுங்கள். தரைத்தளத்தில் தெருத் தண்ணீர் வரலாம், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற தளம் ஒழுகும். காற்று முதலில் கடல் பக்கத்திலிருந்துதான் அறையும், அதனால் ஜன்னல் மேற்கே பார்த்து இருக்கட்டும். கைப்பிடி இருக்கிறதா, டீசல் எத்தனை கேன், தண்ணீர் போரா லாரியா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பணம் கையில் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் போனால் போனில் காசு அனுப்ப முடியாது. அத்தைக்காக நாங்கள் இப்போது அந்த மாதிரி நாற்காலி ஒன்றைத் தடாவிலேயே அறுத்துச் செய்து வைத்திருக்கிறோம், யாருக்காவது அளவு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.